பூட்ஸ் காலுக்கு ஏற்ற கியரும் பிரேக்கும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் ரோபோ, ராக்கெட், எலக்ட்ரிக் கார் என்று நல்ல நல்ல தலைப்புகளை எல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு விட்டார்கள். எனக்கு மிஞ்சியது பூட்ஸ் முனைக்கும் கியர் லீவருக்கும் நடுவே இருக்கும் இரண்டு விரற்கடை இடைவெளி. சிரிக்க வேண்டாம். நம்மில் பாதிப் பேர் டிப்ளமோ முடித்ததும் ஏதாவது ஒரு கம்பெனி கேட்டில் சேஃப்டி ஷூவோடு பைக்கில் போய் இறங்கப் போகிறவர்கள்தான். அன்றைக்கு இந்த இரண்டு விரற்கடை ஞாபகம் வரும்.

எந்தத் தொழிற்பேட்டை வாசலிலும் காலை ஷிப்ட் நேரத்தில் நின்று பாருங்கள். வருகிற பைக்குகளில் பலவற்றின் ஹேண்டில்பாரில் ஒரு ஜோடி ஷூ தொங்கும். ஓட்டி வருகிறவர் காலில் ரப்பர் செருப்பு. கேட்டுக்குப் பத்தடி முன்னால் நிறுத்தி, ஷூவை மாட்டிக்கொண்டு உள்ளே போவார். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "ஷூ போட்டா கியர் மாத்த வரல தம்பி."

அந்த ஷூ லேசுப்பட்டதல்ல. ஐ.எஸ். 15298 என்ற தரத்தின் இரண்டாம் பகுதிப்படி அதன் முனையில் இருக்கும் மூடி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அதாவது சுமார் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல் மேல் விழுந்தாலும் விரல் பிழைக்க வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோலும் ஷூவும்தான் பிழைப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு கெட்டியான சாமானை ஹேண்டிலில் தொங்கவிட்டு, லாரி ஓடுகிற ரோட்டில் வெறும் விரலோடு போகிறோம். தப்பு ஓட்டுகிறவர் மேல் இல்லை. வண்டியின் லீவர் வேறு ஒரு காலுக்காக வைத்தது. அதை இவர் காலுக்கு மாற்றி வைக்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு சின்ன அளவு எடுத்துப் பார்த்தேன். பெஞ்சு மேல் காலை வைத்து, பெருவிரல் இருக்கும் இடத்தில் தரையிலிருந்து மேல் பாகம் வரை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். ரப்பர் செருப்போடு 35 மி.மீ. இரும்பு முனை ஷூவோடு 65 மி.மீ. வித்தியாசம் 30 மி.மீ. இந்த 30 மி.மீ.யை லீவரில் எங்கே கண்டுபிடிப்பது என்பதுதான் இனி விஷயம்.

முதலில் பார்க்க வேண்டியது ஸ்பானர் இல்லை, கியர் எந்தப் பக்கம் விழுகிறது என்பது. இதைப் பார்க்காமலே லீவரை ஏற்றி வைத்துவிடுகிறார்கள். பல வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. அங்கே விரல் முனை லீவருக்கு அடியில் நுழைந்து தூக்க வேண்டும். ஷூ தடிமனாக இருந்தால் நுழையாது. ஆகவே லீவர் மேலே போக வேண்டும். ஆனால் ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டியில் எல்லா கியரும் முன்பக்கம் மிதித்தால் விழும். குறைக்க வேண்டுமென்றால் பின்பக்கத்தைக் குதிகாலால் மிதிக்க வேண்டும். அங்கே விரல் அடியில் நுழைய வேண்டிய வேலையே இல்லை. அந்த வண்டியில் முன்பக்கத்தை ஏற்றி வைத்தால், கெட்டியான பூட்ஸுக்குள் கணுக்கால் மடங்காமல், லீவர் மேல் ஏறி மிதிக்கவே முடியாமல் போகும். இன்னொன்று, குதிகால் மிதி உள்ள லீவர் ஒரே துண்டு, தராசு மாதிரி. முன்பக்கம் ஏறினால் பின்பக்கம் இறங்கும். பெரிய ஷூவின் குதி சும்மா இருக்கும்போதே அதன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓடும்போது பள்ளத்தில் வண்டி குலுங்கினால் கேட்காமலே கியர் குறைந்துவிடும். லீவர் மேல் எப்போதும் கால் பாரம் இருப்பது கியர் மாற்றும் உள் பாகங்களுக்கும் நல்லதல்ல.

பழைய புல்லட் இதில் தனி ரகம். 1955-ல் சென்னைத் திருவொற்றியூரில் ஆரம்பித்த தொழிற்சாலையில் தயாராகி, ராணுவத்திலும் போலீசிலும் பூட்ஸ் கால்களுக்கு அடியிலேயே வாழ்ந்த வண்டி. அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றவைக்குக் கீழே மிதிக்க வேண்டும். நியூட்ரலுக்கு என்று குதிகாலால் தட்ட ஒரு குட்டி லீவர் தனியாக இருக்கும். பூட்ஸ் போட்டவன் யோசித்துச் செய்த ஏற்பாடு போலவே தோன்றும். அமெரிக்காவில் 1974 செப்டம்பருக்குப் பின் தயாராகும் வண்டிகளில் கியர் இடது காலில்தான் என்று விதி வந்தது. உலகம் முழுக்க அந்தப் பக்கமே போய்விட்டது. மைசூரில் செய்த ஜாவா, எஸ்டி வண்டிகளில் கியர் லீவரையே மடக்கிக் கிக்கராக உதைப்பார்கள். அது வேறு கதை.

சரி, ஸ்பானருக்கு வருவோம்.

பெரும்பாலான சின்ன வண்டிகளில் கியர் லீவர் நேராக ஷாஃப்ட் மேல் உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் நுனியில் சுற்றிலும் நுண்ணிய பற்கள். நாம் வகுப்பில் ஸ்ப்ளைன், செரேஷன் என்று படிப்பவை. லீவரின் வாய் பிளந்து இருக்கும்; அதை ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கும். பெரும்பாலும் 10-ம் நம்பர் ஸ்பானர் போதும். போல்ட்டைத் தளர்த்திவிட்டு இழு இழு என்று இழுத்தால் வராது. ஷாஃப்டில் ஒரு பள்ளம் வெட்டி, போல்ட் அதன் வழியாகப் போகும்படி வைத்திருப்பார்கள். போல்ட்டை முழுக்கக் கழற்றி எடுக்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் துருதான். எண்ணெய் விட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். சுத்தியலால் தட்டினால் அடி உள்ளே ஷாஃப்ட் வரை போகும். கழற்றும் முன் லீவரிலும் ஷாஃப்ட் முனையிலும் நேர் கோடாக ஒரு பெயிண்ட் புள்ளி வையுங்கள், பழைய இடம் தெரிய வேண்டும்.

இப்போது ஒரு பல் தள்ளி மாட்டினால் லீவர் நுனி எவ்வளவு நகரும்? எடுத்துக்காட்டுக்கு 30 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். 360-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு 12 டிகிரி. லீவர் நீளம் 120 மி.மீ. என்றால், 120-ஐ 12 டிகிரியின் சைன் மதிப்பு 0.208-ஆல் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 25 மி.மீ. நமக்கு வேண்டியிருந்தது 30. ஒரு பல் ஏற்றினால் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது! முதலாம் ஆண்டில் இந்த சைன் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுவும் ஒரு பதில். அதே கணக்கில் இன்னொரு விஷயமும் தெரிகிறது. 10 மி.மீ. மட்டும் ஏற்ற வேண்டும் என்றால் இந்த ரகத்தில் முடியாது. பல் ஒன்று, அல்லது ஒன்றுமில்லை. அப்போது லீவர் நுனியில் உள்ள ரப்பரைப் பார்க்க வேண்டும். தேய்ந்து ஒரு பக்கம் புடைத்த ரப்பருக்குப் பதில் மெல்லிய புது ரப்பர் போட்டாலே சில மி.மீ. கிடைக்கும். ரப்பரே வேண்டாம் என்று வெறும் இரும்பாக விடுவது மழையில் வழுக்கும்.

லீவரைத் திரும்ப மாட்டும்போது பல்லோடு பல் முழுக்க உட்கார்ந்ததா என்று பார்த்து, போல்ட்டை அளவாக இறுக்க வேண்டும். இந்த 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். நீளக் கைப்பிடி போட்டு ஏறி நின்றால் மரை போய்விடும். தளர்வாக விட்டால் இன்னும் மோசம்: லீவர் ஆடி ஆடி அதன் உள்பற்கள் மழுங்கிவிடும். பிறகு சில இடங்களில் லீவரை ஷாஃப்டோடு சேர்த்து வெல்டிங் அடித்துத் தருவார்கள். சூட்டில் பக்கத்திலிருக்கும் ஆயில் சீல் கருகி எண்ணெய் ஒழுகும், அடுத்த முறை அந்தப் பக்கத்துக் கவரைக் கழற்றவும் முடியாது. புது லீவர் வாங்கும் செலவு அதைவிடக் குறைவு.

இரண்டாவது ரகம் கொஞ்சம் பெரிய வண்டிகளில் வரும். லீவர் ஃபுட்ரெஸ்ட் பக்கத்தில் தனியாக ஆடும். ஷாஃப்டில் ஒரு சின்னக் கை. இரண்டையும் ஒரு ராடு இணைக்கும். ராடின் ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை, இரண்டிலும் லாக் நட். லாக் நட்டுகளைத் தளர்த்தி ராடை ஒரே பக்கம் சுற்றினால் இரண்டு முனையும் ஒன்றாக நீளும் அல்லது ஒன்றாகக் குறையும். இடது மரை லாக் நட் எதிர்ப்பக்கம் திறக்கும் என்பதை மறந்து, முழு பலத்தோடு இறுக்குகிறவர்கள் உண்டு. மரை இடைவெளி 1 மி.மீ. என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு ராடு 2 மி.மீ. மாறும். சின்னக் கை 40 மி.மீ., லீவரில் ராடு பிடிக்கும் இடமும் அச்சிலிருந்து 40, லீவர் நுனி 120 என்றால், நுனி 6 மி.மீ. நகரும். ஐந்து சுற்றில் நமது 30 மி.மீ. வந்தாச்சு. அரைச் சுற்று, கால் சுற்று என்று நுணுக்கமாகவும் வைக்கலாம். ஆனால் ராடை நீட்டிக்கொண்டே போகக்கூடாது; ஒவ்வொரு முனையிலும் போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரை உள்ளே பிடித்திருக்க வேண்டும். ராடும் சின்னக் கையும் செங்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும். கோணம் ரொம்பச் சாய்ந்தால் கால் பலம் வீணாகி கியர் பாதியில் நிற்கும்.

பெரிய கால்காரர்களுக்கு உயரம் மட்டும் பிரச்சினை இல்லை, நீளமும்தான். ஃபுட்ரெஸ்டுக்கும் லீவர் நுனிக்கும் உள்ள தூரம் குறைவாக இருந்தால், லீவர் விரலுக்கு வராமல் பாதத்தின் நடுவில் வந்து குத்தும். இதற்கு நீளமான லீவர்தான் வழி. அதே பல் எண்ணிக்கை உள்ள வேறு மாடல் லீவர் சில சமயம் பொருந்தும். 120 மி.மீ. லீவருக்குப் பதில் 135 போட்டால் மிதிக்கும் பலம் குறையும், ஆனால் நுனி எட்டில் ஒரு பங்கு அதிகம் நகர வேண்டும். மடங்காத பூட்ஸுக்கு அந்த அதிக நகர்வே கஷ்டம். நீளம் கூடினால் லெக் கார்டில் இடிக்கிறதா, வளைவில் தரையில் உரசுமா என்றும் பார்க்கணும்.

இனி பிரேக். கியர் தப்பினால் வண்டி உறுமும். பிரேக் தப்பினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அங்கே தரையெல்லாம் தண்ணீரும் சுண்ணாம்பும்; முழங்கால் வரை ரப்பர் கம்பூட்ஸ்தான். இரவு ஷிப்ட் முடிந்தால் அதைக் கழற்ற அலுத்துக்கொண்டு அப்படியே வண்டி எடுத்துவிடுவார். கம்பூட்ஸுக்குள் கணுக்கால் மேல் நோக்கி மடங்கவே மடங்காது. அதனால் வலது பாதம் பிரேக் பெடல் மேலேயே கிடக்கும். வீடு வந்து நிற்கும்போது பின் சக்கர டிரம்மில் கை வைக்க முடியாத சூடு, ஒரு கருகல் வாசனை. மைலேஜ் குறைந்துவிட்டது என்று புகார். இவை எல்லாம் காசு நஷ்டம். எனக்குப் பயம் தந்தது வேறு. பெடல் கொஞ்சம் அழுந்தியிருந்தால் பின்னால் சிவப்பு விளக்கு வழியெல்லாம் எரிந்துகொண்டே இருக்கும். இருட்டில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு இவர் எப்போது நிஜமாகவே பிரேக் பிடிக்கிறார் என்று எப்படித் தெரியும்?

வண்டி விட்ட இடத்தில் சொன்னபோது, "ஷூவ மாத்துங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கம்பெனி கொடுத்த பூட்ஸை அவர் எங்கே போய் மாற்றுவது? வண்டியோடு வந்த கையேடு சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் இருந்தது. முழுக்க ஆங்கிலம். அப்பா அதை எடுத்து என்னிடம் நீட்டி, "இதுல என்னதான் போட்டிருக்கான், படிச்சுச் சொல்லுடா" என்றார். நான் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் ஸ்பானரோடு பக்கத்தில் உட்கார்ந்து செய்தார். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெடல் உயரம். பெடலுக்கு அருகில் ஒரு ஸ்டாப்பர் போல்ட்டும் லாக் நட்டும் இருக்கும். அது பெடல் சும்மா இருக்கும்போது எவ்வளவு மேலே வரலாம் என்று தடுக்கிறது. மடங்காத பூட்ஸுக்குப் பெடலைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். அப்பா வண்டியில் 8 மி.மீ. தாழ்த்தினோம். கம்பூட்ஸோடு உட்காரவைத்து, பாதம் ஃபுட்ரெஸ்ட் மேல் இயல்பாக இருக்கும்போது அடிப்பாகம் பெடலைத் தொடாமல் ஒரு விரல் நுழைகிற இடம் பார்த்து நிறுத்தினோம். ரொம்பத் தாழ்த்தினால், முழுக்க மிதிக்கும்போது பிரேக் பிடிப்பதற்கு முன்பே பெடல் எதிலாவது முட்டிவிடும். கையால் முழுக்க அழுத்திப் பார்ப்பது கட்டாயம்.

அடுத்தது ஃப்ரீ பிளே. பெடலைத் தாழ்த்துவது என்றால் பிரேக்கைக் கொஞ்சம் மிதித்து வைத்தது மாதிரிதான். ராடு இழுபட்டு நிற்கும். எனவே பின் சக்கரத்தில் உள்ள அட்ஜஸ்டர் நட்டைத் தளர்த்தி, இழந்த இடத்தைத் திருப்பித் தர வேண்டும். பெடலை ஏற்றியவர்கள் நட்டை இறுக்க வேண்டும். பல 100 சிசி டிரம் பிரேக் வண்டிகளுக்கு, பெடல் நுனியில் 20 முதல் 30 மி.மீ. வரை சும்மா நகர வேண்டும், அதற்குப் பிறகே பிரேக் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். உங்கள் வண்டிக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. அட்ஜஸ்டர் நட்டின் முன்பக்கம் குழிவாக இருக்கும்; அது பிரேக் கையில் உள்ள உருண்டைப் பின் மேல் சரியாக உட்கார வேண்டும். பாதியில் நின்றால் இரண்டு தடவை மிதித்ததும் அது தானாக உட்கார்ந்து, நீங்கள் வைத்த அளவு மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் மிதித்துவிட்டு அளக்கவும். சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் உரசாமல் சுற்ற வேண்டும்.

மூன்றாவது விளக்கு ஸ்விட்ச். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பெடலோடு ஒரு மெல்லிய ஸ்பிரிங், அது ஒரு சின்ன ஸ்விட்சை இழுக்கும். பெடல் தாழ்ந்தால் ஸ்பிரிங் இழுபட்டு விளக்கு எரிந்தபடியே இருக்கும். ஸ்விட்ச் உடலைப் பிடித்துக்கொண்டு அதன் நட்டை மட்டும் சுற்றி, ஸ்விட்சைக் கீழே இறக்க வேண்டும். உடலைச் சுற்றினால் வயர் முறுக்கிக்கொள்ளும். பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் விளக்கு எரிய வேண்டும். இரவில் சுவருக்கு முதுகு காட்டி வண்டியை நிறுத்திப் பார்த்தால் துணைக்கு ஆளே வேண்டாம், சுவரில் சிவப்பு தெரியும்.

வரிசை மாறினால் எல்லாம் வீண். ஸ்விட்சை முதலில் வைத்துவிட்டுப் பெடல் உயரத்தைத் தொட்டால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பின் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அங்கே பெடல் ஒரு புஷ் ராடைத் தள்ளும். ராடு மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். காலை எடுத்ததும் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்தால்தான் ஒரு நுண்ணிய துளை திறந்து, சூட்டில் விரிந்த ஆயில் மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்பும். ராடைக் கூடுதலாக நீட்டிவிட்டாலோ, பெரிய பூட்ஸ் பெடல் மேலேயே கிடந்தாலோ பிஸ்டன் அந்தத் துளையை மூடியே வைத்திருக்கும். ஆயில் சூடாகி விரியும், போக இடமில்லை, பேடைத் தள்ளும், உரசல் இன்னும் கூடும், இன்னும் சூடாகும். கடைசியில் மிதிக்காமலே பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் இது நடந்தால் என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் கையேடு சொல்லும் அந்தச் சிறு இடைவெளி இருந்தே ஆக வேண்டும்.

இன்னொரு செய்தி. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புது வண்டிகளில் 125 சிசி வரை சி.பி.எஸ். அல்லது ஏ.பி.எஸ்., அதற்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயம் என்று விதி வந்தது. சி.பி.எஸ். உள்ள பைக்கில் பின் பிரேக் பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். அப்படியானால் பூட்ஸ் பெடல் மேல் கிடந்தால் உரசுவது பின் சக்கரம் மட்டுமாக இருக்காது. இரண்டையும் இணைக்கும் கேபிளுக்குத் தனி அளவு உண்டு. கையேட்டைப் பார்க்காமல் அதன் நட்டைத் தொட வேண்டாம்.

அப்பா வண்டியில் பெடலும் விளக்கும் சரியான பிறகு கியர் பக்கம் பார்த்தோம். கம்பூட்ஸ் காலை மேலே தூக்கவே முடியாதவருக்கு விரலால் தூக்கும் லீவர் உதவாது. அவர் வண்டியில் ஏற்கெனவே குதிகால் மிதி இருந்தது, முன்பக்கத்தை ஒரு பல் இறக்கி மாட்டினோம். பின்பக்கம் ஏறியதால் குதி அதில் உட்காருமோ என்று சந்தேகம்; பூட்ஸோடு உட்காரவைத்துப் பார்த்ததில் இடம் இருந்தது. "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். இதையே ஒருவர் செருப்போடும் ஷூவோடும் மாறி மாறி ஓட்டினால் நடு அளவு பார்த்து வைக்க வேண்டியிருக்கும். பெரியது எதுவோ அதற்குத்தான் முதல் மரியாதை, ஏனென்றால் சின்னக் கால் பெரிய இடைவெளியில் போகும், பெரியது சின்னதில் போகாது.

எல்லா வேலையும் வண்டி ஆறியிருக்கும்போது செய்யவும், சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது. அளவு வைக்கும்போது வேலைக்குப் போடுகிற அதே ஷூ, அதே சாக்ஸ். முடித்ததும் நேராக மெயின் ரோட்டுக்குப் போகாமல் காலி மைதானத்தில் நாலு சுற்று: எல்லா கியரும் ஏறி இறங்குகிறதா, நியூட்ரல் கிடைக்கிறதா, கண் கீழே பார்க்காமல் கால் பெடலைக் கண்டுபிடிக்கிறதா. ஷூ லேஸின் காது நீளமாக இருந்தால் உள்ளே சொருகிவிடவும். கியர் லீவரில் மாட்டினால் சிக்னலில் காலை ஊன்ற முடியாமல் வண்டியோடு சாய வேண்டியதுதான். ஒரு வாரம் ஓட்டிய பிறகு அந்த 10-ம் நம்பர் ஸ்பானரை இன்னொரு முறை எடுத்து, லீவர் போல்ட்டும் லாக் நட்டுகளும் பெயிண்ட் புள்ளியை விட்டு நகர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.